எகிப்தியச் சமூக வரலாற்றை ஆய்வது எப்படி: கைவினைஞர் கிராமம் ஒன்றை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பண்டைய எகிப்தின் சாதாரண மக்களைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். மொழிபெயர்ப்புத் தொகுப்பு ஒன்று கையில் கிடைத்ததும் அதிலிருந்து உருக்கமான ஒரு வரியை எடுத்து, அதைச் சுற்றியே கட்டுரையைக் கட்டிவிடுகிறார்கள். அந்த வரி எந்த ஆவணத்தில் இருக்கிறது, எந்த அரசரின் எத்தனையாவது ஆண்டு, எழுதியவர் யார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. கீழே வரும் படிகளின் வரிசை இந்தத் தவறைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது: முதலில் ஆவணம், பிறகு தேதி, பிறகு வாசிப்பு, கடைசியில்தான் விளக்கம்.

எடுத்துக்காட்டு முழுவதும் தெய்ர் அல்-மதீனா என்ற ஊர். லக்சருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய கைவினைஞர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம் அது. மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தை நம் ஆய்வுப் பொருளாக வைத்துக்கொள்வோம்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஹைரோகிளிஃப் என்ற எகிப்தியப் பட எழுத்தைப் படிக்கத் தெரிந்தால்தான் ஆய்வு செய்ய முடியும் என்ற அச்சம் வேண்டாம். முதுகலை அளவிலான சமூக வரலாற்று ஆய்வுக்கு, நம்பகமான பதிப்புகளைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும். எழுத்தைக் கற்றால் நல்லதுதான். ஆனால் கற்று முடிக்கும்வரை ஆய்வைத் தள்ளிப்போட்டவர்கள் பலர் ஆய்வுக்குத் திரும்பவே இல்லை.

உண்மையில் முதலில் தேவைப்படுவது பிரெஞ்சும் ஜெர்மனும். இந்த ஊரை 1922 முதல் 1951 வரை அகழ்ந்தவர் பெர்னார் புரூயேர். பணி கெய்ரோவிலுள்ள பிரெஞ்சுக் கீழைத் தொல்லியல் நிறுவனத்துடையது. அகழாய்வு அறிக்கைகள் பிரெஞ்சில்தான் இருக்கின்றன. அகராதிப் பணிகளும் பல அடிப்படைக் கட்டுரைகளும் ஜெர்மனில். சரளமாகப் பேச வேண்டியதில்லை. அகராதி உதவியோடு ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் பிடிக்கத் தெரிந்தால் போதும். இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் நம்பினால் இடப்பெயர்களும் அளவைப் பெயர்களும் குழம்பிவிடும்.

மூன்றாவதாக ஒரு விரிதாள். ஆவண எண், ஆட்சியாண்டு, பருவம், மாதம், நாள், ஆட்களின் பெயர், பொருள், பதிப்பு என்று பத்திகள் போட்டுத் தொடங்குங்கள். குறிப்பேட்டில் எழுதிவைத்தால், நூறு ஆவணங்களுக்குப் பிறகு எதையும் வரிசைப்படுத்த முடியாது.

2. கேள்வியைச் சுருக்குதல்

“புதிய அரசுக் காலத்தில் (ராமேசஸ் அரசர்கள் ஆண்டதை உள்ளடக்கிய காலகட்டம்) தொழிலாளர் நிலை” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. “29ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்கு முந்தைய மாதங்களில் மாதப்படி (அரசு மாதந்தோறும் கூலியாக அளந்த தானியம்) எத்தனை நாள் தாமதமாக வந்தது?” என்பது ஆய்வுக் கேள்வி. இரண்டாவதற்கு எந்த ஆவணங்கள் வேண்டும், எவை வேண்டாம் என்பது கேள்வியிலேயே இருக்கிறது.

தமிழ் மாணவர்களிடம் அடிக்கடி வரும் தலைப்பு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: எகிப்துக்கும் தமிழகத்துக்கும் இருந்த உறவு. உறுதியான சான்றுகள் உண்டு. செங்கடல் துறைமுகங்களான குசைர் அல்-கதீமிலும் பெரெனிகேயிலும் கிடைத்த தமிழ்-பிராமி பொறித்த பானையோடுகள், வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டு முசிறி பாப்பிரஸ் (பாப்பிரஸ் என்பது கோரையிலிருந்து செய்த தாள்), பெரெனிகேயில் ஒரு சாடிக்குள் கிடைத்த ஏழரைக் கிலோ மிளகு என எல்லாமே ரோமானியர் ஆட்சிக்கால எகிப்தைச் சேர்ந்தவை. அந்தப் பாப்பிரஸின் மொழி கிரேக்கம். பிரமிடுகளிலோ ராமேசஸ் காலக் கல்வெட்டுகளிலோ தமிழகத்தைத் தேடிப் போகிறவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தவறான இடத்தில் தேடுகிறார்கள். அந்தத் தலைப்புதான் வேண்டுமென்றால் கிரேக்கப் பாப்பிரஸ் தரவுத்தளங்களிலிருந்து தொடங்குங்கள். கீழே வரும் கருவிகள் பல உங்களுக்குப் பயன்படாது, முறை பயன்படும்.

3. ஆவணங்களைத் தேடுதல்

இந்த ஊரின் பதிவுகளில் பெரும்பாலானவை ஒஸ்ட்ராகா, அதாவது சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானையோடுகளிலும் மையால் எழுதிய குறிப்புகள். ஒரு பகுதி பாப்பிரஸ் சுருள்கள். இலக்கியம் அல்லாத இந்த ஆவணங்களுக்கு லைடன் பல்கலைக்கழகம் உருவாக்கிய தெய்ர் அல்-மதீனா தரவுத்தளம்தான் முதல் வாசல். அங்கே முழு மொழிபெயர்ப்பை எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் எண், தேதி, உள்ளடக்கச் சுருக்கம், இதுவரை அதைப் பற்றி எழுதியவர்களின் பட்டியல் ஆகியவை கிடைக்கும். நமக்கு இந்தக் கட்டத்தில் தேவையானதும் அதுதான்.

பாப்பிரஸ்களுக்கு துரின் எகிப்திய அருங்காட்சியகத்தின் இணையத் தளத்தில் படங்கள் இருக்கின்றன. சொற்களைத் தேட பெர்லின், லைப்ஸிக் அறிஞர் கழகங்களின் எகிப்திய மொழிச் சொற்களஞ்சியம் உண்டு. அதில் நூல்வரிகளும் மொழிபெயர்ப்பும் சேர்ந்தே வரும். பின்னணிக்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் நடத்தும் எகிப்தியல் கலைக்களஞ்சியத்தை இலவசமாகப் படிக்கலாம்.

தேடும்போது எழுத்துக்கூட்டல் உங்களை ஏமாற்றும். ஊரின் பெயரை ரோமன் எழுத்தில் சிலர் கடைசியில் ‘எச்’ சேர்த்து எழுதுவார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அழுத்தக்குறி போடுவார்கள். ராமேசஸ் பெயரில் ‘எஸ்’ ஒன்றா இரண்டா என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு. ஒரே வடிவத்தில் தேடிவிட்டு “இதைப் பற்றி யாரும் எழுதவில்லை” என்று முன்னுரையில் எழுதிய ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன். யாரும் எழுதவில்லை என்ற வாக்கியத்தை எழுதும் முன் மூன்று மொழிகளில், எல்லா வடிவங்களிலும் தேடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் தரும் ஒஸ்ட்ராகா எண்களைச் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். இல்லாத எண்ணைக் கூசாமல் உருவாக்கித் தரும். லைடன் தரவுத்தளத்தில் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

4. ஆவணத்துக்கு ஓர் அடையாள அட்டை

ஒவ்வொரு ஆவணத்தையும் மேற்கோள் காட்டும் முன் அதற்கு ஓர் அட்டை எழுதுங்கள்: இன்று எங்கே இருக்கிறது, இன்றைய எண் என்ன, பழைய எண்கள் எவை, எங்கே கண்டெடுக்கப்பட்டது, யார் பதிப்பித்தார், துண்டா முழுமையா.

பழைய எண்களைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே சில்லு முதலில் ஒரு தனியார் சேகரிப்பின் பெயரால் அறியப்பட்டு, பிறகு அருங்காட்சியக எண் பெற்றிருக்கும். 1940களின் கட்டுரையில் ஒரு பெயராலும் 1990களின் கட்டுரையில் வேறொரு பெயராலும் வரும். இரண்டையும் தனித்தனிச் சான்றாக எண்ணி, “இரு ஆவணங்கள் இதை உறுதிசெய்கின்றன” என்று எழுதிவிடுவது புதியவர்களிடம் மிகச் சாதாரணமாக நேரும் தவறு.

துண்டா முழுமையா என்பதும் அப்படித்தான். ஒன்பதாம் ராமேசஸின் 16ஆம் ஆண்டுக் கல்லறைக் கொள்ளை வழக்கைப் பதிவுசெய்த பாப்பிரஸ் ஒன்றின் கீழ்ப்பாதி நியூயார்க்கில் இருக்கிறது. மேல்பாதி 1935இல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில், ஒரு மரச்சிலையின் உள்ளே சுருட்டி வைத்திருந்த நிலையில் எகிப்தியலாளர் ழான் காப்பார் கண்ணில் பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட நூலை வைத்துக்கொண்டு அந்த வழக்கின் தொடக்கம் தெரியவில்லை என்று இன்று எழுத முடியுமா? எனவே, “இத்துடன் நூல் முறிகிறது” என்ற குறிப்பைக் கண்டால், பிற்காலத்தில் ஏதாவது துண்டு சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள்.

நமது வேலைநிறுத்த ஆவணத்தின் அட்டை இப்படி இருக்கும்: துரின் அருங்காட்சியகம், பட்டியல் எண் 1880, ஹைராட்டிக் எழுத்து (ஹைரோகிளிஃபை வேகமாக எழுதும் கையெழுத்து வடிவம்), ஆலன் கார்டினரின் 1948ஆம் ஆண்டுப் பதிப்பு, எட்கர்ட்டனின் 1951ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு.

5. தேதி: அவசரப்படக் கூடாத இடம்

இந்தப் படியில்தான் அதிகமான ஆய்வேடுகள் தடுமாறுகின்றன. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எகிப்திய ஆண்டில் மூன்று பருவங்கள்: அகெத், பெரெத், ஷெமு. ஒவ்வொன்றிலும் முப்பது நாள் கொண்ட நான்கு மாதங்கள். கடைசியில் ஐந்து கூடுதல் நாட்கள். ஆவணம் தரும் தேதி “29ஆம் ஆண்டு, பெரெத் இரண்டாம் மாதம், 10ஆம் நாள்” என்ற வடிவில் இருக்கும்.

புதியவர்கள் அகெத், பெரெத், ஷெமு என்று பருவ வரிசையிலேயே ஆவணங்களை அடுக்குகிறார்கள். புதிய அரசுக் காலத்தில் ஆட்சியாண்டு மாறுவது பருவ ஆண்டின் முதல் நாளில் அல்ல, அரசர் அரியணை ஏறிய நாளில். மூன்றாம் ராமேசஸ் அரியணை ஏறியது ஷெமு முதல் மாதம் 26ஆம் நாள். எனவே அவருடைய 29ஆம் ஆண்டு அந்த நாளில் தொடங்கி, ஷெமு மாதங்களைக் கடந்து, அகெத், பெரெத் என்று போய், அடுத்த ஷெமு முதல் மாதம் 25இல் முடியும்.

இதன் விளைவைப் பாருங்கள். “29ஆம் ஆண்டு, ஷெமு முதல் மாதம் 13” என்றும் “29ஆம் ஆண்டு, ஷெமு முதல் மாதம் 27” என்றும் இரண்டு சில்லுகள் இருந்தால், பார்வைக்குப் பதினான்கு நாள் இடைவெளி. உண்மையில் 27ஆம் நாள்தான் முந்தியது. 13ஆம் நாள் அதற்கு 351 நாட்களுக்குப் பிறகு வருகிறது. விரிதாளில் ‘ஆட்சியாண்டின் எத்தனையாவது நாள்’ என்று ஒரு பத்தி சேர்த்து, அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு அரசருக்கும் தொடக்க நாள் மாறும் என்பதால் இந்தக் கணக்கை அரசர்வாரியாகத்தான் செய்ய வேண்டும்.

சரியாக அடுக்கியதும் கதையே மாறுவதைக் காணலாம். பெர்லினில் உள்ள 10633ஆம் எண் ஒஸ்ட்ராகன் (ஒஸ்ட்ராகாவின் ஒருமை), 29ஆம் ஆண்டு அகெத் இரண்டாம் மாதம் 21ஆம் நாளில், மாதத்தில் இருபது நாள் போயும் படி வரவில்லை என்று எழுத்தர் அமென்நக்த் கைவினைஞர் குழுவிடம் சொன்னதையும், பிறகு ஹோரெம்ஹெப் என்ற முந்தைய அரசரின் கோயிலிலிருந்து 46 கர் (தானிய முகத்தல் அளவை) எம்மர் என்ற வகைக் கோதுமை வந்ததையும் பதிவு செய்கிறது. வேலைநிறுத்தம் தொடங்கியது பெரெத் இரண்டாம் மாதம் 10ஆம் நாள். அதாவது 109 நாட்களுக்கு முன்பே சிக்கல் எழுத்தில் வந்துவிட்டது. திடீர் எழுச்சி என்று எழுதியவர்கள் இந்தச் சில்லைப் பார்த்திருக்கவில்லை.

இன்னொரு எச்சரிக்கை: ஆட்சியாண்டை உடனே கி.மு. ஆண்டாக மாற்றாதீர்கள். மூன்றாம் ராமேசஸின் தொடக்க ஆண்டிலேயே அறிஞர்களிடம் சில ஆண்டு வேறுபாடு உண்டு. 1150களின் நடுப்பகுதியை ஒட்டி என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு முழுவதும் ஆட்சியாண்டிலேயே எழுதுங்கள்.

பல சில்லுகளில் அரசரின் பெயரே இருக்காது. வெறும் ‘ஆண்டு 29’. அவற்றை, குறிப்பிடப்பட்ட ஆட்களையும் கையெழுத்தையும் வைத்துத்தான் தேதியிட்டிருப்பார்கள். அந்த ஆளின் காலத்தை நிறுவ அதே சில்லைச் சான்றாகக் காட்டினால் அது வட்டத்தில் சுற்றுவது. தேதி எந்த அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்பதை அட்டையில் குறித்துவிட்டால் இந்தப் பொறியில் விழ மாட்டீர்கள்.

6. மொழிபெயர்ப்பை வாசிக்கும் முறை

நீங்கள் படிக்கும் மொழிபெயர்ப்பு நான்காவது நிலை. கல்லில் இருப்பது ஹைராட்டிக் எழுத்து. பதிப்பாசிரியர் அதை ஹைரோகிளிஃப் எழுத்தில் பெயர்த்து எழுதுகிறார், பிறகு ஒலிபெயர்ப்பு, அதன் பிறகே மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு நிலையிலும் யாரோ ஒருவர் ஒரு முடிவை எடுத்திருக்கிறார்.

அந்த முடிவுகளின் தடயம் அடைப்புக்குறிகளில் இருக்கிறது. சதுர அடைப்புக்குள் இருப்பது அழிந்துபோன இடத்தில் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. கோண அடைப்புக்குள் இருப்பது எழுத்தர் விட்டுவிட்டதாகக் கருதிச் சேர்த்தது. வளைந்த அடைப்புக்குள் இருப்பது வாசகர் வசதிக்காகச் சேர்த்த சொல். பொது வாசகர்களுக்கான தொகுப்புகள் இந்தக் குறிகளை நீக்கிவிடுவது வழக்கம். அதனால்தான் தொகுப்பிலிருந்து நேராக மேற்கோள் காட்டாதீர்கள் என்று சொல்கிறேன். உங்கள் வாதம் தாங்கி நிற்கும் சொல் சதுர அடைப்புக்குள் இருந்தால், சான்று உங்களுடையது அல்ல, பதிப்பாசிரியருடைய ஊகம்.

வாசிக்கும்போது உறுத்துகிற இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். வேலைநிறுத்த பாப்பிரஸில், பெரெத் இரண்டாம் மாதம் 10ஆம் நாள் குழுவினர் கல்லறைப் பகுதியின் ஐந்து காவல் அரண்களைக் கடந்து வெளியே வருகிறார்கள். “பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது” என்கிறார்கள். மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்தாம் தேதியில் பதினெட்டு நாள் எப்படிப் போயிருக்கும்? அவர்களுடைய கணக்கு மாதத்தின் முதல் நாளில் தொடங்கவில்லை. சில நாள் கழித்து அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது பெரெத் முதல் மாதத்துப் படி என்றும் அதே ஆவணம் சொல்கிறது. ஆக, நிலுவையில் நின்றது முந்தைய மாதத்துக் கணக்கு. இரண்டு வரியையும் சேர்த்துப் பார்த்தால் படி எந்த நாளில் தர வேண்டியது என்ற புதிய கேள்வி எழும். நல்ல ஆய்வேட்டின் ஓர் இயல் இங்கிருந்தே பிறக்கலாம். ‘18’ என்பதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு “பல நாட்களாக” என்று எழுதினால் அது போய்விடும்.

7. எழுதியவர் யார், எதற்காக எழுதினார்

வேலைநிறுத்த பாப்பிரஸை எழுத்தர் அமென்நக்த் எழுதியதாகக் கருதுகிறார்கள். அவர் வேலைநிறுத்தம் செய்தவர் அல்ல. நிர்வாகத்துக்கும் குழுவுக்கும் நடுவில் நின்றவர். அன்றாடம் நடந்ததை அப்படியே குறித்த நாட்குறிப்பா, பிற்பாடு தேர்ந்தெடுத்துத் தொகுத்ததா என்பதும் விவாதத்தில் இருக்கிறது. எனவே அதில் வரும் பேச்சை “தொழிலாளர் சொன்னார்கள்” என்று எழுதாமல், “தொழிலாளர் சொன்னதாக எழுத்தர் பதிவு செய்கிறார்” என்று எழுதுங்கள்.

இந்த ஊரில் அமென்நக்த் என்ற பெயர் கொண்டவர்கள் பலர். இபுயின் மகனான எழுத்தர் அமென்நக்த் ஒருவர். மேற்பார்வையாளர் நெஃபெர்ஹோதெப்பின் சகோதரரான அமென்நக்த் வேறொருவர். பனெப் என்ற மேற்பார்வையாளர் மீது திருட்டு, அடிதடி, முறைகேடு என்று அடுக்கிப் புகார் எழுதியவர் இவர்தான். அந்தப் புகார் மனு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தந்தை பெயரோ பதவியோ இல்லாமல் ஒரு பெயரை இன்னொரு ஆவணத்தின் பெயரோடு இணைக்காதீர்கள்.

அந்தப் புகாரையே எடுத்துக்கொண்டால், பனெப்பின் கொடுமைகளை நடந்த உண்மையாக மறுபடி சொல்லும் கட்டுரைகள் ஏராளம். பதவி தனக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைத்த ஒருவரின் மனு அது; பனெப்பின் பதில் நமக்குக் கிடைக்கவில்லை. உயில், புகார், வழக்குப் பதிவு, கணக்குச் சீட்டு ஒவ்வொன்றும் வேறு நோக்கத்தோடு எழுதப்பட்டவை. என் அனுபவத்தில் வறண்ட கணக்குச் சீட்டுகளை நம்புவது எளிது. யாரையும் குற்றம்சாட்ட அவற்றுக்குத் தேவை இல்லை.

8. அளவைகளும் விலைகளும்

சாதாரண தொழிலாளி ஒருவரின் மாதப்படி 4 கர் எம்மர் கோதுமையும் ஒன்றரை கர் பார்லியும். மேற்பார்வையாளருக்கு ஐந்தரை கரும் 2 கரும். ஒரு கர் ஏறத்தாழ 77 லிட்டர். முகத்தல் அளவை என்பதை மறந்து கிலோவில் எழுதுவது வழக்கமான தவறு. சில மொழிபெயர்ப்புகள் ‘மூட்டை’ என்று மட்டும் சொல்வதால் இது நேர்கிறது.

விலைகள் தெபென் என்ற செப்பு எடையில் வரும். ஒரு தெபென் சுமார் 91 கிராம். அது நாணயம் அல்ல. பண்டமாற்றில் இரு பக்கத்துப் பொருளையும் மதிப்பிட உதவிய அளவு. ஒருவர் செப்பைக் கொடுத்து வாங்கினார் என்று எழுதும் முன், எதைக் கொடுத்தார் என்று சீட்டிலேயே பாருங்கள். பெரும்பாலும் தானியம், துணி, எண்ணெய், கூடை என்று பட்டியல் இருக்கும். இன்றைய ரூபாய்க்கு மாற்றிக் காட்டும் அட்டவணைகளை நீக்கிவிடுங்கள். எந்தப் பயனும் இல்லை.

9. மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும் நேரம்

இப்போதுதான். முதலில் படித்தால் அவர்களுடைய கண்ணாலேயே ஆவணத்தைப் பார்ப்பீர்கள். புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போங்கள். கடைசியாக வந்த கட்டுரையின் அடிக்குறிப்புகள் முந்தையவற்றில் எது நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்று காட்டிவிடும்.

பதிப்புரிமை முடிந்ததால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், பழைய ஆங்கில எகிப்தியலாளர் வாலிஸ் பட்ஜ் காலத்து நூல்களைச் சான்றாகக் காட்டாதீர்கள். அவற்றின் ஒலிபெயர்ப்பு முறை கைவிடப்பட்டது. வாசிப்புகளும் காலம் கடந்தவை. இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன: கெய்ரோ பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்விதழ் அவர்களுடைய தளத்திலேயே உண்டு, பழைய ஜெர்மன் இதழ்களை ஹைடெல்பர்க் பல்கலைக்கழகம் எண்ணிமமாக்கி வைத்திருக்கிறது.

10. முடிவை எந்த எல்லைக்குள் சொல்வது

தெய்ர் அல்-மதீனாவின் மதிலுக்குள் ஏறத்தாழ 70 வீடுகள். அரசு நேரடியாகப் படியளந்த, கைத்திறன் மிக்க, எழுத்தறிவு வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்த குடும்பங்கள். தண்ணீர் கூட வெளியிலிருந்து சுமந்து வரப்பட்ட பாலைநில ஊர். அந்த வறட்சியால்தான் இத்தனை எழுத்தும் பிழைத்தது. நைல் கழிமுகத்தின் ஈரத்தில் வாழ்ந்த உழவர்களின் பாப்பிரஸ்கள் பெரும்பாலும் மக்கிவிட்டன.

ஆகவே “எகிப்தியப் பெண்கள் சொத்தைத் தம் விருப்பப்படி எழுதிவைத்தார்கள்” என்று இந்த ஊரில் வாழ்ந்த நவுனக்தே என்ற பெண்ணின் உயிலை மட்டும் வைத்து எழுத முடியாது. ஐந்தாம் ராமேசஸின் 3ஆம் ஆண்டில், முதுமையில் தன்னைக் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன் பங்கு இல்லை என்று அவர் அறிவித்தார். இது சட்டத்தில் அதற்கு இடம் இருந்ததைக் காட்டுகிறது. எத்தனை பெண்கள் அப்படிச் செய்தார்கள் என்பதைக் காட்டவில்லை. அதேபோல, “உலகின் முதல் வேலைநிறுத்தம்” என்று எழுதாமல், “பதிவாகி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுவது” என்று எழுதுங்கள்.

11. எழுதும்போது

ஒவ்வொரு மேற்கோளிலும் ஆவண எண், வரி எண், பதிப்பு, மொழிபெயர்ப்பாளர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து நீங்கள் தமிழாக்கியதென்றால் அதையும் சொல்லுங்கள். எகிப்திய மொழியிலிருந்து நேராகப் பெயர்த்ததாக வாசகர் நினைக்க இடம் தராதீர்கள். எகிப்தியப் பெயர்களுக்கு ஒரே தமிழ் எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை பின்பற்றுங்கள். பின்னிணைப்பில் எல்லாப் பெயர்களுக்கும் ரோமன் வடிவம் கொடுங்கள்.

படம் சேர்ப்பதாக இருந்தால் அருங்காட்சியகத்தின் உரிம விதியை முதலிலேயே பாருங்கள். அச்சுக்கு இலவச அனுமதி தரும் இடங்களும் உண்டு, கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு. பதில் வர வாரங்கள் ஆகலாம் என்பதால் இயலை எழுதத் தொடங்கும்போதே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.